இடது கைப் பக்கத்துப் பட்டன்

மிச்சமிருக்கும் பழைய கோப்புகளையும் அடுத்த மாதம் புதிய கம்பைலருக்கு மாற்றப் போகிறீர்கள் என்று உங்கள் குழுவை நடத்தும் நஸ்ரின், ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் என்னிடம் தொலைபேசியில் சொன்னாள். அந்தக் கோப்புகளில் பாதிக்கு மேல் நான் எழுதியவை. தறியை இயக்கும் பெட்டிக்குள் இருந்த மலிவான போர்டில் வேகம் போதாமல் திண்டாடிய காலத்தில், சி நிரலுக்கு நடுவே அங்கங்கே இயந்திர மொழிக்கு நெருக்கமான அசெம்பிளி வரிகளைச் செருகி எழுதினேன். "புதுசா வந்திருக்கவங்களுக்கு நாலு பக்கம் எழுதிக் குடுங்க சார், எங்க வழுக்கும்னு" என்றாள்.

இலக்கண விதிகள் கையேட்டில் இருக்கின்றன. அவற்றை என்னைவிட நீங்கள் நன்றாகவே படிப்பீர்கள். நான் எங்கே வழுக்கினேன் என்பதையும், வழுக்கியபின் பிடித்துக்கொள்ள யாரைத் தள்ளிவிட்டேன் என்பதையும் எழுதுகிறேன்.

உங்களில் சிலர் விசைத்தறியைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்க மாட்டீர்கள். நாடா என்கிற கட்டை, ஊடை நூலை இழுத்துக்கொண்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் பறக்கும். அது நடுவழியில் இருக்கும்போது தறியைச் சட்டென்று நிறுத்தினால் நீளவாக்கில் கட்டிய பாவு இழைகள் கொத்துக்கொத்தாக அறுந்துவிடும். மறுபடி முடிச்சுப் போட அரை நாள் ஆகும். அதனால் நம் பெட்டியில் ஸ்டாப் பட்டன் மின்சாரத்தை வெட்டாது. 'நிறுத்து' என்று நிரலிடம் சொல்லும். நாடா கரை சேர்ந்ததும் நிரல் தறியை நிறுத்தும். கண் இமைக்கும் நேரம்தான் வித்தியாசம். ஒவ்வொரு தறிக்கும் இரண்டு பட்டன்: நெய்பவர் நிற்கும் வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று.

இந்த இரண்டு பட்டன்களையும் படிக்கிற துண்டு அசெம்பிளியில் இருந்தது. வலதைப் படி, இடதைப் படி, இரண்டையும் சேர், எது அழுத்தப்பட்டிருந்தாலும் நிறுத்து. அவ்வளவுதான். சேர்க்கிற கட்டளைக்கு மேலே தனி வரியில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தேன். இடது பட்டனை மறக்காதே என்று, ஆங்கில எழுத்தில் தமிழாக.

நம் நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றித் தருவதில் பழைய கம்பைலர் தாராளமானது. முதல் வரிக்கு முன்னால் ஒரு மேற்கோள் குறி, கடைசி வரிக்குப் பின்னால் ஒன்று. நடுவில் நாம் அடித்த வரிகளை அடித்தபடியே எடுத்துக்கொள்ளும். புதியது அப்படிப்பட்டதல்ல. ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக மேற்கோளுக்குள் போட்டு, ஒவ்வொன்றின் முடிவிலும் \n என்ற வரிமுடிவுக் குறியை நாமே வைக்க வேண்டும். வைக்காவிட்டால் இரண்டு வரிகள் ஒட்டிக்கொள்ளும்.

பழைய போர்டு சந்தையில் கிடைக்காமல் போய், புதிய போர்டும் புதிய கம்பைலரும் வந்தபோது, இந்தத் துண்டை மாற்றும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். என் எழுத்தில் இன்னொருவர் கை வைப்பது எனக்குப் பிடிக்காது. இரண்டு நாளில் முடித்தேன். கட்டளை வரிகளுக்கெல்லாம் வரிமுடிவுக் குறி வைத்தேன். குறிப்பு வரிக்கு வைக்கவில்லை. மறந்துபோய் விட்டதல்ல. 'கட்டளைக்குத்தான் முடிவு வேண்டும், குறிப்புக்கு எதற்கு?' என்று யோசித்துத்தான் விட்டேன். முப்பது வருட அனுபவம் அப்படி யோசித்தது.

விளைவு உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். குறிப்பு முடியவில்லை. அடுத்து வந்த கட்டளையையும் அது தனக்குள் இழுத்துக்கொண்டது. குறிப்பாக இருப்பதை இயந்திரம் படிக்காது. இடது பட்டனைச் சேர்க்கிற கட்டளை நிரலிலிருந்து காணாமல் போனது. கம்பைலர் ஒரு வார்த்தை முனகவில்லை.

திருப்பரங்குன்றத்து மாடி அலுவலகத்தில் அப்போது எங்களிடம் இருந்த சோதனைப் பெட்டியில் ஒரே ஒரு பட்டன்தான் பொருத்தியிருந்தோம், வலது. அழுத்தினேன், நின்றது. செல்லூரில் ரங்கசாமி என்பவரின் தறிக்கூடத்தில் மூன்று தறிகளுக்குப் புதுப் பெட்டி மாட்ட அனுப்பினேன்.

மாட்டியவர் வீரணன். கீழக்குயில்குடிக்காரர். நம்மிடம் சம்பளத்தில் இல்லை. செல்லூர் முழுக்கத் தறிகளுக்கு வயரிங் செய்கிறவர். பேச்சு அதிகம், வேலை சுத்தம். முதல் தறி முடிந்ததும் அவர் எனக்குப் போன் செய்தார். பின்னால் தறிகளின் இரைச்சல்.

"சார், ரெண்டு பட்டனையும் ஓடுற தறியில அமுக்கிப் பாத்துருவமா? ரங்கசாமி அண்ணே அவசரப்படுத்துறாரு. இருந்தாலும் ஒரு தடவ பாத்துட்டா நிம்மதி."

"வேண்டாம் வீரணன். இங்க டெஸ்ட் பண்ணித்தான் அனுப்பியிருக்கேன். வலது பாத்தாச்சுல்ல, போதும். அடுத்த தறியப் பாருங்க."

"இன்னொண்ணு சார். இந்தப் பட்டனு எல்லாம் உங்க பெட்டி வழியாத்தேன் போகுது. கரண்ட நேரா வெட்டுற மாதிரி தனியா ஒரு சிவப்பு பட்டனும் வைங்கன்னு போன தடவையே சொன்னேன்."

"அப்படி வெட்டினா பாவு அறுந்துரும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"பாவு அறுந்தா முடிஞ்சுக்கிறலாம் சார்" என்றார். நான் சிரித்துவிட்டு வைத்தேன்.

பதினோராவது நாள் ஜெயந்தி என்கிற நெசவாளி, இரண்டாவது தறியின் இடது பக்கம் குனிந்து அறுந்த இழையைத் தேடியிருக்கிறார். சேலைத் தலைப்பு பல்சக்கரத்தில் மாட்டியது. கையோடு சேர்த்து இழுத்தது. அவர் மற்றக் கையால் பக்கத்திலிருந்த பட்டனை அழுத்தினார். நிற்கவில்லை. மறுபடி மறுபடி அழுத்தினார். எதிர்த் தறிக்காரர் ஓடிப்போய்ச் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இறக்கிய பிறகுதான் நின்றது. மணிக்கட்டு எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது ரங்கசாமி கத்திக்கொண்டிருந்தார். "பெட்டியப் பூராம் கழட்டுங்கடா! எனக்குப் பழைய லீவரே போதும்!" மூன்று பெட்டிகளும் ஏற்கெனவே கழற்றித் தரையில் கிடந்தன. வீரணன் குத்தவைத்து, இடது பட்டனின் வயரை டெஸ்டரால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், வயரு சரியா இருக்கு. எங்கயும் அறுகல."

"எடதுல அமுக்கிப் பாத்தியாடா நீ, மாட்டுன அன்னைக்கு?" என்றார் ரங்கசாமி.

வீரணன் என்னைப் பார்த்தார். "சார்ட்ட கேட்டேன். வேணாம்ட்டாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது எனக்கு உண்மை தெரியாது. அதை ஒரு சமாதானமாகச் சொல்லவில்லை. தெரியாதபோது 'தெரியவில்லை' என்று சொல்ல ஒரு வாய் எனக்கும் இருந்தது. நான் சொன்னது இது: "வயரிங்கைச் சரிபார்க்கிறது எலக்ட்ரீசியன் பொறுப்பு. லூஸ் கான்டாக்டா இருந்திருக்கும். தறி அதிர்றப்ப விட்டிருக்கும், இப்ப ஒட்டியிருக்கும்."

லூஸ் கான்டாக்ட் என்பதை யாராலும் இல்லையென்று நிரூபிக்க முடியாது. நான் அதைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வாயில் முதலில் வந்தது அது. அவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

வீரணன் டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வெளியே போனார்.

மூன்றாம் நாள், திரும்பி வந்த பெட்டியை மேசையில் வைத்து, முதல்முறையாக இடது பட்டனையும் இணைத்து அழுத்தினேன். நிற்கவில்லை. வயர் என்னுடையது, மேசை அதிரவில்லை. ஒரு மணி நேரத்தில் அந்தக் குறிப்பு வரியைக் கண்டுபிடித்தேன். இடது பட்டனை மறக்காதே.

அதன் முடிவில் \n என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தேன். மறுபடி கம்பைல் செய்தேன். அழுத்தினேன், நின்றது. நம் அலுவலக வழக்கப்படி மாற்றப் பதிவேட்டில் எழுத வேண்டும்: என்ன மாற்றம், ஏன், கையெழுத்து. 'வரிமுடிவு சரிசெய்யப்பட்டது' என்று எழுதினேன். ஏன் என்ற இடத்தில் 'ஒழுங்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் ஒன்றும் இல்லை, பாருங்கள். ஒவ்வொரு சொல்லும் உண்மை.

அடுத்த மாதம் நம் எம்.டி. சிகிச்சைச் செலவை ஏற்றுக்கொண்டு, ரங்கசாமியைச் சமாதானப்படுத்தி, பெட்டிகளைத் திரும்ப மாட்ட வைத்தார். வேறு எலக்ட்ரீசியன் வந்தார். இடது பட்டன் அழகாக வேலை செய்தது. ஆள் மாறியதும் பட்டன் வேலை செய்கிறது என்றால் பழைய ஆள்தானே காரணம்? செல்லூரில் ஒரு சந்தில் பேசினால் நாலு சந்துக்குக் கேட்கும். வீரணனை யாரும் தறிக்குக் கூப்பிடவில்லை. அவர் ஊருக்குப் போய்க் கிணற்று மோட்டார்களுக்கு வயரிங் செய்கிறார் என்று கேள்விப்பட்டேன். ஓய்வு பெற எனக்கு ஒன்றரை வருடம் இருந்தது.

எட்டு மாதம் இப்படியே போனது. மனசாட்சி உறுத்தி நானே போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு.

நஸ்ரின் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். செல்லூர் விஷயம் எதுவும் அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லாமலே ஒரு காரியம் செய்தாள். பழைய கம்பைலர் தந்த இயந்திரக் கட்டளைகளையும் புதிய கம்பைலர் தந்ததையும் அச்செடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாக ஒப்பிட்டாள். எனக்கு அது தோன்றியதே இல்லை. ஒரு புதன்கிழமை மத்தியானம் தாள்களைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"சார்! இங்க பாருங்க. நீங்க மொதல்ல மாத்துன வெர்ஷன்ல ஒரு கட்டளையே காணோம். கமெண்டுக்குள்ள போயிருச்சு. அடுத்த வெர்ஷன்ல நீங்களே கண்டுபிடிச்சுச் சேத்திருக்கீங்க. எம்புட்டு நுணுக்கமான தப்பு! வேற யாராச்சும்னா விட்டுருப்பாங்க. யார் கையாவது போயிருக்கும் சார்."

நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சனிக்கிழமை கூட்டத்துல இத நான் சொல்லப் போறேன். உங்க பேரைப் போட்டு" என்றாள்.

"சரி" என்றேன். ஆம், சரி என்றுதான் சொன்னேன். புதன்கிழமையிலிருந்து சனிக்கிழமை வரை நான்கு நாள் அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்வதாகத்தான் இருந்தேன்.

சனிக்கிழமை அவள் பலகையில் அந்தத் துண்டை எழுதினாள். குறிப்பு வரியை வாசித்துக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். மறக்காதே என்று எழுதியதே மறக்கடித்துவிட்டதே என்று யாரோ கேலி செய்தார்கள். எம்.டி. என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "அதுக்குத்தேன் அனுபவஸ்தர் வேணுங்கிறது." கை தட்டினார்கள். கைதட்டல் முடிவதற்குள் சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று தெரிந்தது.

உட்கார்ந்தபடியேதான் சொன்னேன். "நான் முன்கூட்டிக் கண்டுபிடிக்கலை. செல்லூர்ல அந்தம்மா கை ஒடிஞ்சு மூணாம் நாள் கண்டுபிடிச்சேன். வீரணன் வயர்ல தப்பே இல்லை."

எம்.டி. கதவைச் சாத்தினார்.

"சார், இப்ப எதுக்கு இதக் கெளறணும்? எல்லா பெட்டியும் நல்லா ஓடுது. ஆஸ்பத்திரிச் செலவும் குடுத்தாச்சு. ரங்கசாமிக்குத் தெரிஞ்சா செல்லூர்ல ஒருத்தன் நம்ம பெட்டிய வாங்க மாட்டான். இங்க இருக்க பதினாறு பேருக்கும் சேத்துத்தேன் சொல்றேன்."

அவர் சொன்னது வெறும் பயம் இல்லை. அந்தப் பதினாறு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

நஸ்ரின் பலகை துடைப்பானைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "அந்த எலக்ட்ரீசியன் அண்ணன் இப்ப எங்க சார் இருக்காரு?" என்று கேட்டாள். எட்டு மாதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கீழக்குயில்குடிக்குப் போனேன். சமணர் மலைக்கு இந்தப் பக்கம், ஒரு வயல் மோட்டார் அறையில் வீரணன் ஸ்டார்ட்டரைப் பிரித்துப் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க சார். இங்கயும் ஏதாச்சும் லூஸ் கான்டாக்டா?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குறிப்பு, வரிமுடிவு, மூன்றாம் நாள், பதிவேடு. அவர் ஸ்க்ரூ ஒன்றை விரலில் உருட்டிக்கொண்டே கேட்டார்.

"மூணாம் நாளே தெரியுமா?"

"தெரியும்."

"எட்டு மாசம்." ஸ்க்ரூவைக் கீழே வைத்தார். "பொழப்பு போனது கூடப் பெருசில்ல சார். மோட்டாரு இருக்கு, வீடு கட்டுறவய்ங்க இருக்காய்ங்க. ஆனா அந்த எடது வயர நான் நல்லா முறுக்குனேனா, இல்லையான்னு எட்டு மாசமா என்னையவே நான் சந்தேகப்பட்டுக்கிட்டுத் திரியிறேன். இப்பல்லாம் ஒரு வேல முடிச்சுட்டு வீட்டுக்கு வந்து, பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போயி அந்த முடிச்சத் தொட்டுப் பாத்துட்டு வாரேன். எம்பொண்டாட்டி எனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுங்கிறா. ஒரு போன் பண்ணியிருந்தா தீந்திருக்கும்ல சார்? ஊருக்குச் சொல்ல வேணாம். எனக்கு மட்டும்?"

நான் என்ன கொடுக்கட்டும் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் முகம் மாறியது.

"அதே தறிச் செட்டு. அதே ஆளுக. எல்லாத் தறியையும் நிறுத்தச் சொல்லி, அங்க வச்சுச் சொல்லுங்க. அம்புட்டுத்தேன்."

செவ்வாய்க்கிழமை போனோம். எம்.டி.யும் வந்தார். அதற்கு முந்தின நாள் முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் காரில் ஏறியதும், "நான் போகாம நீங்க மட்டும் போனா, அது இன்னும் அசிங்கம்" என்றார். நஸ்ரின் பின் இருக்கையில் தாள்களோடு உட்கார்ந்திருந்தாள். வீரணன் எங்களுக்கு முன்பே தறிக்கூடத்துக்கு வந்திருந்தார்.

ஓடுகிற தறிக்கூடத்தில் பேச முடியாது. ரங்கசாமி கையைத் தூக்கினார். ஒவ்வொன்றாகத் தறிகள் நின்றன. காது அடைத்ததுபோல் இருந்தது. பன்னிரண்டு பேர் அவரவர் தறியடியில் நின்று பார்த்தார்கள். ஜெயந்தி அப்போது தறியில் இல்லை, ஓரத்தில் உட்கார்ந்து, நாடாவில் செருகும் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை என்பது அந்தத் தூரத்திலேயே தெரிந்தது.

அங்கே கம்பைலர் என்றெல்லாம் சொல்லவில்லை. "இடது பட்டன் வேலை செய்யாதது என் தப்பு. பெட்டிக்குள்ள நான் எழுதினதுல ஒரு வரி விட்டுப்போச்சு. வீரணன் வயர் சரியா இருந்தது. அமுக்கிப் பாக்கலாமான்னு அவர் கேட்டார், நான்தான் வேண்டாம்னேன். தப்பு என்னோடதுன்னு தெரிஞ்ச பிறகும் எட்டு மாசம் சொல்லலை" என்றேன்.

ரங்கசாமி வாயைத் திறந்தார். அதற்குள் ஜெயந்தி எழுந்து வந்துவிட்டார்.

"ஏன் சார், என் கை எப்படி இருக்குன்னு ஒரு நா வந்து கேட்டீங்களா நீங்க?"

"இல்லம்மா."

"வீரணன் அண்ணே வந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு. ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கிட்டு. நாந்தேன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் படுத்திருந்தேன்." அவர் வீரணன் பக்கம் திரும்பினார். "அண்ணே, நானும் உங்களத்தேன் வஞ்சேன். எம்புட்டு வஞ்சேன்னு எனக்குத்தேன் தெரியும்."

வீரணன் நேராக இரண்டாவது தறிக்குப் போய், இடது பக்கம் நின்றார். "ஓட்டுங்கப்பா" என்றார். தறி கிளம்பியது. நாடா நாலைந்து முறை போய் வந்தது. அவர் பட்டனை அழுத்தினார். நாடா கரை சேர்ந்தது, தறி நின்றது. மறுபடி ஓட்டச் சொல்லி மறுபடி அழுத்தினார். நின்றது. பட்டனுக்குப் பின்னால் கை விட்டு வயரைத் தடவிப் பார்த்தார். புதிய எலக்ட்ரீசியன் பெட்டியைத்தான் மாட்டியிருந்தார். பட்டனுக்குப் போகும் வயரை மாற்றவேயில்லை.

"இது நான் முறுக்குன முடிச்சு" என்றார் வீரணன், யாரிடம் என்றில்லாமல். "அப்படியே இருக்கு."

ரங்கசாமி எங்களை ஏசியதை நான் இங்கே எழுதவில்லை. ஏசி முடித்து அவர் கேட்டது ஒன்றுதான்: "இனிமே நிக்காமப் போகாதுன்னு என்ன உத்தரவாதம்?" வீரணன்தான் சொன்னார், "சிவப்புப் பட்டனு வையுங்க. பெட்டியக் கேக்காம நேரா கரண்ட வெட்டுறது. பாவு அறுந்தா அறுந்துட்டுப் போகுது." அங்கேயே ஒரு அட்டையில் படம் போட்டுக் காட்டினார். ஜெயந்தி அதை வாங்கிப் பார்த்து, "இம்புட்டுக் கீழ வைக்காதீங்கண்ணே, முழங்கை எட்டுற ஒசரத்துல வைங்க. கை மாட்டிக்கிட்டா குனிய முடியாது" என்றார்.

இன்று நம் பெட்டிகள் எல்லாவற்றோடும் போகிற சிவப்புப் பட்டன் அதுதான். உயரம் ஜெயந்தி சொன்ன உயரம். இரண்டு பேர் நம் பெட்டியை வேண்டாம் என்றார்கள். அதில் ஒருவர் மறு வருடம் திரும்பி வந்தார். ஜெயந்தி அதற்குப் பிறகு ஆறு மாதத்தில் தறிக்குத் திரும்பினார். இடது கையால் பாரம் தூக்க மாட்டார், மற்றபடி நெய்கிறார். வீரணனைச் செல்லூரில் மறுபடி கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பாதிச் சோற்றில் எழுந்து போகிற வழக்கம் நின்றதா என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. அவருடைய மனைவி ஒருமுறை தானாகவே சொன்னார், நின்றுவிட்டது என்று.

பதிவேட்டில் நான் எழுதிய வரியை அடிக்கவில்லை. அதற்குக் கீழே ஒன்றரைப் பக்கம் எழுதி, இன்னொரு முறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கோப்புகளைத் தொடுவதற்கு முன் அதைப் படியுங்கள். நஸ்ரின் செய்ததுபோல் பழையதையும் புதியதையும் அச்செடுத்துக் கட்டளைகளை ஒப்பிடுங்கள். குறிப்பு வரியானாலும் வரிமுடிவு வையுங்கள். நான் செய்ததைவிட நன்றாகச் செய்வீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தன் வேலையை மற்றவர் சரிபார்ப்பதற்கு அஞ்சாத ஒருத்தி உங்களுக்கு மேலே இருக்கிறாள்.

முதல் பெட்டி தயாரானதும் மாட்ட வீரணன் வருவார். மாட்டி முடித்து, "ரெண்டு பக்கமும் அமுக்கிப் பாத்துருவமா?" என்று உங்களிடமும் கேட்பார். எவ்வளவு அவசரமானாலும் எழுந்து அவரோடு போங்கள். இடது பக்கம் நின்று, நீங்களே அழுத்துங்கள்.